நேப்பிள்ஸில் கிறிஸ்துமஸ்: 24 மாலை வந்து 26 காலை கிளம்பலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ரோமிலிருந்து டிசம்பர் 24 மாலை நேப்பிள்ஸ் வந்து, 25 பகலில் பொம்பெய் இடிபாடுகளைப் பார்த்து, சாயங்காலம் அந்தப் பேர்போன பொம்மைத் தெருவில் நடந்து, ஊர்க்காரர்களோடு கொண்டாடிவிட்டு 26 காலை கிளம்ப நினைக்கிறீர்கள். கூட எட்டு வயது மகள். மனைவி சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார். 'தெருவில் கொண்டாட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும்?' என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பதில், தொடங்காது. நீங்கள் வந்து இறங்குகிற நேரத்தில்தான் தெரு அடங்கும்.

நான் மன்னார்க்காரி. நாப்போலியில் (இங்குள்ளவர்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) பதினேழு வருடமாக இருக்கிறேன். அதில் பன்னிரண்டு வருடம் ஒரு வயதான அம்மாவை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டேன். சிஞோரா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். இந்த ஊர் கிறிஸ்துமஸ் எனக்குத் தெரிந்தது அவருடைய சமையலறை வழியாக. வரலாறு படித்தவள் இல்லை, வழிகாட்டி உரிமமும் கிடையாது. பெரிய ஹோட்டல்களில் நடக்கிற விருந்துகளைப் பற்றி என்னிடம் கேட்கவேண்டாம், உள்ளே போனதே இல்லை. எது உறுதி, எது ஊரில் சொல்லுகிற கதை என்பதை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: இலங்கையில் நாங்கள் கிறிஸ்துமஸை நத்தார் என்போம். போர்த்துக்கீசர் விட்டுவிட்டுப் போன சொல். இத்தாலியனில் நத்தாலே. வந்த முதல் டிசம்பரில் யாரும் எனக்குச் சொல்லித்தராமலே புரிந்த சொல் அது ஒன்றுதான்.

முதலில் தேதி விஷயம். இந்த ஊரில் கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடக்கிற விழா. தெருவில் நீங்கள் படங்களில் பார்க்கிற கூட்டமும் வெளிச்சமும் சத்தமும் விழாவுக்கான ஆயத்தம். பொங்கலுக்கு முதல் நாள் கடைவீதி எப்படி இருக்கும், பொங்கலன்று மத்தியானம் அதே வீதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆயத்தம் டிசம்பர் 8, மாதாவின் அமலோற்பவத் திருநாளன்று தொடங்கும். அன்றுதான் வீடுகளில் குடிலும் மரமும் வைப்பார்கள். 16ஆம் தேதி பேராலயத்தில் ஊரின் காவல் புனிதர் சான் ஜென்னாரோவின் இரத்தக் குப்பியை வெளியே எடுப்பார்கள். வருடத்தில் மூன்று முறை எடுப்பதில் இது மூன்றாவது, 1631 டிசம்பர் 16 அன்று பக்கத்து எரிமலை வெசூவியஸ் வெடித்ததன் நினைவு. அதற்குப் பிறகு நாளுக்கு நாள் நெரிசல் ஏறி, 23 இரவு உச்சத்துக்குப் போய், 24 பிற்பகலோடு வடிந்துவிடும். ஆகையால் பயணத்தை மாற்ற முடியுமானால் ரோமில் இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு 22ஆம் தேதியே வந்துவிடுங்கள். வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. பொம்பெய் 25 அன்று மூடியிருக்கும், அதை 22க்கோ 23 காலைக்கோ வையுங்கள்.

இனி அந்தத் தெரு. பெயர் சான் கிரெகோரியோ ஆர்மேனோ. பழைய நகரத்தின் இரண்டு நீளத் தெருக்களை இணைக்கிற ஒடுங்கிய சந்துதான். நடுவில் ஒரு மணிக்கூண்டு தெருவுக்கு மேலே வளைவாக நிற்கும். இருபுறமும் குடில் செய்கிற பட்டறைகள், வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் டிசம்பர் வாரக்கடைசிகளில் நடக்கவே முடியாது, சில நாட்களில் காவலர்கள் ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். வார நாளில் காலை ஒன்பதரைக்குள் போனால் உங்கள் மகளுக்கு மனிதர்களின் முதுகுக்குப் பதில் பொம்மைகள் தெரியும். மரடோனாவையும் அரசியல்வாதிகளையும் போல் செய்த பொம்மைகளைத்தான் எல்லோரும் படமெடுப்பார்கள். அது வேடிக்கைக்கு. அந்தக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே பாருங்கள், தக்கையைச் சீவி மலை செய்துகொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

குடிலை இங்கே பிரெசேபே என்பார்கள். நம் ஊர்களில் குடில் என்றால் வைக்கோல் கூரை, மாதா, சூசையப்பர், பாலன், இடையர், மூன்று ராஜாக்கள், ஒரு மாடு, ஒரு கழுதை. நாப்போலிக் குடில் அப்படி அல்ல, அது ஒரு முழு ஊர். கசாப்புக் கடை, மதுக்கடை, மீன் விற்பவன், சுட்ட கஷ்கொட்டை விற்பவள், துணி துவைப்பவள், வாசலில் சண்டை போடுகிற கிழவிகள் எல்லாம் இருக்கும். பெத்லகேமைத் தேடினால் கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டு நாப்போலித் தெருவொன்று மலைச்சரிவில் ஏறிப் போகும், அதன் ஒரு மூலையில் பாலன் பிறந்திருப்பார், பாதிப்பேர் அதைக் கவனிக்காமல் வியாபாரத்தைப் பார்ப்பார்கள். கொலு வைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கலவை உடனே பிடித்துப்போகும், செட்டியார் பொம்மைக்கும் அங்கே இடம் உண்டல்லவா.

இந்தக் குடிலில் எனக்குப் பிடித்த ஆள் பெனீனோ. முதல் வருடம் சிஞோராவின் குடிலைத் தூசி தட்டும்போது, மலை உச்சியில் ஓர் இடையச் சிறுவன் ஆடுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தான். பாவம், சாய்ந்துவிட்டான் போல என்று எடுத்து மரத்தோடு சேர்த்து நிறுத்திவைத்தேன். பார்த்தவுடன் சிஞோரா நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கையையும் தலையில் வைத்தார். அவன் விழவில்லையாம், தூங்குகிறானாம். அந்த முழு ஊரும், ஆறும், கடைகளும், பாலன் பிறப்பும் அவன் காண்கிற கனவாம். அவனை எழுப்பினால் குடிலே மறைந்துவிடும். அவன் எப்போதும் உச்சியில்தான் இருக்க வேண்டும், அங்கிருந்துதான் பாதை கீழே குகைக்கு இறங்கும். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவனை மட்டும் அவரே கையால் வைத்தார்.

பழைய வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் வோமெரோ மேட்டில் உள்ள சான் மார்த்தீனோ மடாலய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மிக்கேலே குசினியெல்லோ என்ற கட்டடக் கலைஞர் தன் சேகரிப்பை 1879இல் அங்கே கொடுத்தார். ஓர் அறையை நிறைத்து நிற்கிற குடில் அது. உருவங்களின் தலை சுடுமண், கண் கண்ணாடி, கையும் காலும் மரம். உடல் மட்டும் கம்பியில் சணல் நாரைச் சுற்றியது, அதனால் எப்படி வேண்டுமானாலும் வளைத்து நிறுத்தலாம். மேலே உண்மையான பட்டுத்துணி. பாலன் பிறந்திருப்பது தொழுவத்தில் அல்ல, இடிந்த ரோமானியக் கோவில் தூண்களுக்கு நடுவே. பழைய தெய்வங்களின் காலம் முடிந்தது என்பது அதன் அர்த்தம். இந்த உருவங்களைச் செய்த 18ஆம் நூற்றாண்டில்தான், வெசூவியஸ் புதைத்த ஊர்களான எர்க்கொலானோவை 1738இலும் பொம்பெயை 1748இலும் தோண்டத் தொடங்கியிருந்தார்கள், ஆகவே இடிந்த தூண் எப்படியிருக்கும் என்பது இந்தக் கலைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். பொம்பெய் பார்த்துவிட்டு இங்கே வந்தால் உங்களுக்கே விளங்கும்.

இதில் எது உறுதி என்றால், புனித பிரான்சிஸ் அசிசியார் கிரெச்சோ என்ற ஊரில் பாலன் பிறப்பை நடித்துக் காட்டியது 1223இல். 15ஆம் நூற்றாண்டிலேயே நாப்போலிக் கோவில்களுக்கு மரத்தில் பெரிய உருவங்கள் செய்திருக்கிறார்கள். 1734இல் பூர்பொன் வம்சத்து சார்ல்ஸ் இங்கே ஆட்சிக்கு வந்த பிறகு அரண்மனையும் பிரபுக்களும் போட்டி போட்டுக்கொண்டு குடில் வைத்தார்கள். முக்காடிட்ட கிறிஸ்து என்ற பளிங்குச் சிலையை 1753இல் செதுக்கிய ஜூசெப்பே சன்மர்த்தீனோவே குடில் உருவங்களுக்கும் தலை செய்திருக்கிறார். இவையெல்லாம் சந்தேகமில்லாதவை. ராணியே உட்கார்ந்து பொம்மைகளுக்குத் துணி தைத்தார் என்பதும், அந்தச் சந்து இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் செரெஸ் தேவியின் கோவில் இருந்து அதற்கு மண்பொம்மை நேர்ந்ததிலிருந்தே இந்தத் தொழில் வந்தது என்பதும் ஊரில் சொல்கிற கதைகள். கேட்க வடிவாக இருக்கும், கடைக்காரர் சொன்னால் தலையாட்டுங்கள், ஆனால் எழுதிவைக்காதீர்கள்.

சந்தை விஷயத்துக்கு வருகிறேன். 23 இரவு தூங்காதீர்கள், அல்லது 24 விடிகாலை எழுந்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போர்த்தா நோலானா, நகர நடுவில் பிஞ்ஞாசேக்கா, இரண்டு இடத்திலும் மீன் சந்தை விடிய விடிய நடக்கும். 24 இரவு இறைச்சி கிடையாது, மீன்தான், அதனால் ஊரே அங்கே நிற்கும். நீல நிறத் தொட்டிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே கப்பிதோனே என்கிற பெரிய பெண் விலாங்குகள் நெளியும். பாம்பு போல் இருக்கிற அதை வெட்டித் தின்றால் தீயதை வென்றது மாதிரி என்பது நம்பிக்கை. உயிரோடு வாங்கி வீட்டில் வெட்டுவதுதான் பழைய வழக்கம், இப்போது குறைந்துகொண்டு வருகிறது. சிஞோராவின் வீட்டில் ஒருமுறை அது தொட்டியிலிருந்து குதித்து குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே போய்விட்டது. மன்னார்க் கடற்கரையில் பிறந்தவள் நான், மீனுக்குப் பயந்ததில்லை, அன்று மேசை மேல் ஏறி நின்றேன். எண்பத்திரண்டு வயது சிஞோரா துடைப்பக் கட்டையோடு குனிந்து அதை வெளியே எடுத்தார். உங்கள் மனைவிக்கு இந்தச் சந்தை கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம், முதலிலேயே சொல்லிவையுங்கள்.

24 இரவு மேசையில் வருவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மட்டி போட்ட ஸ்பகெட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த உப்பு காட் மீன், பொரித்த விலாங்கு, அப்புறம் அவித்த கோலிஃபிளவரில் ஆலிவும் ஊறுகாய்க் குடமிளகாயும் நெத்தலியும் கலந்த ஒரு சாலட். இந்த சாலட்டை 26ஆம் தேதி வரை மிச்சத்தோடு மிச்சம் சேர்த்துச் சேர்த்துத் தின்பார்கள். 24 மத்தியானத்துக்கு ஸ்கரோலா என்ற கசப்புக் கீரையை வைத்து மூடிய பிட்ஸா. உங்கள் மனைவி கவனிக்க வேண்டியது இங்கேதான். அந்தக் கீரைப் பிட்ஸா பார்க்கச் சைவம் போல் இருக்கும், திராட்சையும் பைன் கொட்டையும்கூட இருக்கும், உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். கோலிஃபிளவர் சாலட்டும் அப்படியே. 'சென்சா அச்சூகே' என்றால் நெத்தலி வேண்டாம் என்று அர்த்தம், அதை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். 'நான் சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது, பலருக்கு நெத்தலி என்பது மீன் கணக்கில் வராது, உப்புக் கணக்கில்தான் வரும். மர்கெரீட்டா பிட்ஸா, கத்தரிக்காய் பார்மிஜானா, ஃபிரியாரியெல்லி என்ற கசப்புக் கீரை வதக்கல், இவற்றில் அவருக்குப் பசி ஆறிவிடும்.

இனிப்பில் சிக்கல் குறைவு. ஸ்த்ரூஃபொலி என்பது சீடை அளவு மாவு உருண்டைகளைப் பொரித்து, சூடான தேனில் புரட்டி, வண்ண மிட்டாய்த் துளிகள் தூவிக் குவித்து வைப்பது. சிலர் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள், ஆகவே 'ஸ்த்ரூத்தோ இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ரொக்கொக்கோ என்பது பாதாம் போட்ட வளையம், கடித்தால் நம் பொருவிளங்காய் உருண்டையே தோற்றுப்போகும். கிழவர்கள் அதை வைனில் நனைத்துத்தான் தின்பார்கள். இதிலும் சாக்லேட் பூசிய முஸ்தச்சோலியிலும் பிஸ்தோ என்ற ஒரு மசாலாப் பொடி போடுவார்கள்: பட்டை, கிராம்பு, சாதிக்காய், மல்லி. டிசம்பர் முழுக்க பேக்கரி வாசலில் நம் வீட்டு மணம் வரும்.

24ஆம் தேதி பிற்பகல் வரை இளையவர்கள் கியாயா என்ற பகுதியில் கையில் கோப்பையோடு தெருவை நிறைத்து நிற்பார்கள். மாலையானதும் கடைகளை இழுத்து மூடுவார்கள், பேருந்தும் மெட்ரோவும் வழக்கத்தைவிட முன்னாலேயே நின்றுவிடும். என் முதல் வருடம், ஊர் விழாவைப் பார்க்கிறேன் பார் என்று எட்டு மணிக்கு வெளியே இறங்கினேன். ஒரு நாய், ஒரு போலீஸ் வண்டி. மாடிகளிலிருந்து தட்டுச் சத்தமும் எண்ணெய் மணமும் வந்தன, அவ்வளவுதான். எனவே அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னரே ஏற்பாடு செய்யாமல் வராதீர்கள். திறந்திருக்கிற உணவகங்கள் பெரும்பாலும் நிர்ணயித்த மீன் விருந்துதான் போடுவார்கள், சைவம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே பேசிவையுங்கள். அடுப்புள்ள வாடகை வீடு கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்த மூடிய கதவுகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றால், சாப்பாடு நள்ளிரவு வரை நீளும். பன்னிரண்டு மணிக்கு வீட்டிலேயே சின்னப் பிள்ளை பாலன் உருவத்தைக் கையில் ஏந்தி முன்னே போகும், மற்றவர்கள் மெழுகுதிரியோடு பின்னால், அறை அறையாகச் சுற்றிக் குடிலுக்கு வருவார்கள். அதுவரை தீவனத்தொட்டி காலியாகத்தான் இருக்கும். பாடுவது 'து ஷெந்தி தல்லே ஸ்தெல்லே', விண்மீன்களிலிருந்து நீர் இறங்கி வருகிறீர் என்று தொடங்கும் பாட்டு. இந்த ஊரில் பிறந்த புனித அல்போன்ஸ் லிகோரியார் 1754இல் எழுதியது. டிசம்பரில் மலைப்பக்க இடையர்கள் ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்து ஊதும் வாத்தியத்தோடு இறங்கி வந்து தெருவில் வாசிப்பதும் இதைத்தான். அவர்கள் இப்போது மிகவும் குறைவு, கண்ணில் பட்டால் நின்று கேளுங்கள்.

அப்புறம் தொம்போலா. தொண்ணூறு எண்கள், ஒரு சின்னக் கூடை, எண் வந்த கட்டத்தை அவரைக்கொட்டையாலோ ஆரஞ்சுத் தோலாலோ மூடுவார்கள். நம் ஊர்த் தம்போலாதான், ஆனால் இங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 25 நத்தார், 33 கிறிஸ்துவின் வயது, 47 செத்தவன், 48 பேசுகிற செத்தவன், 77 பெண்ணின் கால்கள், 90 பயம். எண்ணை எடுப்பவர் அதைச் சொல்லாமல் பொருளைச் சொல்லி, இரண்டு மூன்று எண்களைச் சேர்த்து அசிங்கமாக ஒரு கதையும் கட்டுவார், பாட்டிமார்தான் அதிகம் சிரிப்பார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அரசன் லாட்டரியைத் தடை செய்ததால் 1734இல் வீட்டு விளையாட்டாக இது பிறந்தது என்பார்கள், இதையும் கதைக் கணக்கில் வையுங்கள். சில இடங்களில் ஃபெம்மினியெல்லி எனப்படுகிற, நம் திருநங்கையரை ஒத்த சமூகத்தவர் இதை மேடையில் நடத்துவார்கள். உண்மையாகவே பெரிய கலை, ஆனால் எட்டு வயதுக்கு வேண்டாம்.

சரி, டிக்கெட்டை மாற்றவே முடியாது, 24 மாலைதான் வருவோம் என்றால் இப்படிச் செய்யுங்கள். சாப்பாட்டை ரோமிலேயே வாங்கிக் கொண்டுவாருங்கள். தங்கும் இடத்துக்கு நடந்து போகக்கூடிய கோவிலில் நள்ளிரவுப் பூசை எத்தனை மணிக்கு என்று விசாரித்துப் போங்கள், பெயர்தான் நள்ளிரவு, பல இடங்களில் முன்னாலேயே தொடங்கிவிடும். பொம்பெயை மறந்துவிடுங்கள். பொம்மைத் தெருவிலும் 25 அன்று பெரும்பாலான பட்டறைகள் மூடியிருக்கும், ஆனால் காலைப் பூசைக்குத் திறக்கிற கோவில்களுக்குள் குடில்கள் இருக்கும், அவற்றை மகளுக்குக் காட்டலாம். மலை உச்சியில் தூங்குகிறவன் எங்கே என்று அவளையே தேடச் சொல்லுங்கள். பதினொரு மணிபோல் கடற்கரைச் சாலைக்கு நடந்தால் ஊரே குடும்பம் குடும்பமாக உடுத்திக்கொண்டு உலாத்தும், எதிரே வெசூவியஸ் தெரியும். இனிப்புக் கடைகள் மத்தியானம் வரை திறந்திருக்கும். ஒரு மணிக்கு எல்லோரும் கையில் பொட்டலத்தோடு பாட்டி வீட்டுக்கு நடப்பார்கள், நீங்களும் அதற்கு முன் உங்களுடையதை வாங்கிவிடுங்கள். அதன் பிறகு அடுத்த நாள் காலை வரை பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.